அவர் தருவதாகச் சொல்வது அரை வீடு

கேள்வி: எனக்கு 44 வயது. நீலாங்கரையில் கடற்கரைக்குப் பக்கத்தில் தனி வீடு. கணவர் ஆட்டோமொபைல் உதிரிபாகம் செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறார். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு, சண்டை இல்லாமல் பிரிந்துவிடலாம் என்று இருவரும் முடிவெடுத்திருக்கிறோம். வீடு இருவர் பேரிலும் இருக்கிறது. 2009-இல் மனையும் கட்டுமானமும் சேர்த்து 85 லட்சம் ஆனது. இன்று நாலரைக் கோடி போகும் என்கிறார்கள். “முழு வீட்டையும் உனக்கே எழுதித் தருகிறேன், பணமாக எதுவும் கேட்காதே, பிள்ளைகள் படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். வீட்டின் மேல் கம்பெனிக்காக வாங்கிய 90 லட்சம் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடுவாராம். கம்பெனியில் நானும் ஒரு டைரக்டர், 20 சதவீதப் பங்கு என் பேரில். என்னிடம் 12 லட்சம் எஃப்.டி., 9 லட்சம் பி.பி.எஃப். இருக்கிறது. நகை 110 பவுன். அதில் 40 பவுனை 2020-இல் கம்பெனிக்காக அடகு வைத்தார், திரும்பி வரவில்லை. மாதச் செலவு இப்போது 1,90,000 ரூபாய். 2011-க்குப் பிறகு நான் வேலைக்குப் போகவில்லை. “வீடு கைக்கு வந்தால் போதும், கையெழுத்துப் போடு” என்கிறார் அண்ணன். போடலாமா?
— பெயர் வேண்டாம், நீலாங்கரை

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள்.

அண்ணன் உங்கள் மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார். ஆனால் அவரும் நீங்களும் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. வீடு இருவர் பேரிலும் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பத்திரத்தில் பங்கு எவ்வளவு என்று தனியாக எழுதாவிட்டால், பாதி ஏற்கெனவே உங்களுடையது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பாதியையும் தன் பாதியையும் சேர்த்து “முழு வீடு தருகிறேன்” என்கிறார் அவர். உண்மையில் புதிதாக உங்கள் கைக்கு வருவது இரண்டேகால் கோடி மதிப்புள்ள அரை வீடு. அதன் தலையில் 90 லட்சம் கடன். பத்தொன்பது வருடத்துக்கும், பிள்ளைகளுக்காக விட்ட வேலைக்கும், இனி வரப்போகும் நாற்பது வருடத்துக்கும் அவர் போட்ட கணக்கு இவ்வளவுதான்.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தொழில் செய்பவர்களுக்குக் கையிருப்பு எப்போதும் இயந்திரத்திலும் சரக்கிலும் வாடிக்கையாளர் பாக்கியிலும் மாட்டிக்கொண்டிருக்கும். கையில் பணம் இல்லாதவர் வீட்டைத் தூக்கிக் கொடுப்பது இயல்பு. ஆனால் அவருக்கு எது வசதியோ அதுவே உங்களுக்கும் நியாயம் என்று ஆகிவிடாது.

முதலில் அந்த ஓ.டி.யைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அதுதான். வீட்டுக்கடன் மாதாமாதம் தவணை கட்டக் கட்டக் குறையும். ஓ.டி. அப்படி இல்லை. அது ஒரு வரம்பு. இன்று பத்து லட்சம் கட்டி அடுத்த வாரம் அதையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வருடா வருடம் புதுப்பிப்பார்கள். அந்தத் தாள்களில் உங்கள் கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள், நினைவிருக்கும். “கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடுகிறேன்” என்பது ஓ.டி.க்குப் பொருந்தாத பேச்சு. வரம்பை மூடினால்தான் அது அடைந்ததாக அர்த்தம்.

நீங்கள் வீட்டின் இணை உரிமையாளர், கம்பெனியின் டைரக்டர். அதனால் தனிப்பட்ட ஜாமீனும் கொடுத்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். விவாகரத்துத் தீர்ப்பில் “ஓ.டி. கணவரின் பொறுப்பு” என்று எழுதி வாங்கினாலும் அது உங்கள் இருவருக்கும் இடையிலான ஏற்பாடு மட்டுமே. அந்த வழக்கில் வங்கி ஒரு தரப்பு இல்லை. கம்பெனி தடுமாறினால், வங்கிகள் கடனை வசூலிப்பதற்கான சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வங்கி வீட்டைக் கையகப்படுத்த வரலாம். கடன் வரலாற்றைக் காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் அவருடைய வியாபாரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். பிரிந்து மூன்று வருடம் கழித்து என்னிடம் வந்த ஒருவர், மகனுக்குக் கல்விக்கடன் கேட்கப் போன இடத்தில்தான் முன்னாள் கணவரின் தொழில்கடன் தன் பேரில் வாராக்கடனாக நிற்பதைத் தெரிந்துகொண்டார். அவர் கையில் இருந்த தீர்ப்பு நகலை வங்கி மேலாளர் மரியாதையாக வாங்கிப் படித்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாராம்.

ஆகவே ஓ.டி. மூடப்பட வேண்டும், அல்லது கணவர் வேறு சொத்தை ஈடாகக் கொடுத்து உங்கள் வீட்டை விடுவிக்க வேண்டும். வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஈடு ரத்து பதிவாகி வில்லங்கச் சான்றில் ஏற வேண்டும். ஜாமீனிலிருந்து உங்களை விடுவித்ததாக வங்கியின் கடிதம் தனியாக வேண்டும். பலர் பத்திரம் கைக்கு வந்த சந்தோஷத்தில் இதை மறந்துவிடுகிறார்கள். டைரக்டர் பதவியிலிருந்து விலகுங்கள். விலகியது கம்பெனிப் பதிவாளரிடம் பதிவானதையும் பாருங்கள். பதவி விலகினாலே ஜாமீன் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். இரண்டும் வேறு வேறு.

சரி, ஓ.டி. இல்லாமல் வீடு சுத்தமாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் என்ன சாப்பிடுவீர்கள்?

நீங்கள் அனுப்பிய செலவுப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். பள்ளி, டியூஷன் எல்லாம் 50,000. வீட்டைப் பராமரிக்க மட்டும் 38,000: வாட்ச்மேன், தோட்டக்காரர், லாரித் தண்ணீர், நான்கு ஏ.சி. ஓடும் கரண்ட் பில், பெயின்ட், ரிப்பேர். ஈ.சி.ஆர். கடற்கரைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உப்புக்காற்றில் ஏ.சி.யின் வெளி யூனிட் சீக்கிரமே துருப்பிடித்து உதிரும், ஜன்னல் கம்பியைச் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வருமானம் இல்லாத ஒருவர் கையில் அந்த வீடு மாதம் 38,000 ரூபாய் சாப்பிடும். வாடகைக்கு விடலாமே என்றால், சென்னையில் குடியிருப்பு வாடகை வீட்டு மதிப்பில் வருடத்துக்கு 2 முதல் 3 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். இரண்டரை என்று வைத்தாலும் மாதம் 94,000 வரும். அதில் நீங்கள் குடியிருக்க வேறு வாடகை கொடுக்க வேண்டும்.

பிள்ளைகள் படிப்பையும் பெரிய வீட்டையும் கழித்துவிட்டு, ஒரு நடுத்தர அபார்ட்மென்ட்டின் பராமரிப்பைச் சேர்த்தால் உங்கள் குடும்பம் நடக்க மாதம் 1,10,000 வேண்டும். 85 வயது வரைக்கும், முதலீட்டு வருமானம் வரிபோக விலைவாசியை 2 சதவீதம் முந்தும் என்று நம்பிக் கணக்குப் போட்டால், இன்று கையில் இருக்க வேண்டிய தொகை சுமார் 3 கோடியே 70 லட்சம். 1 சதவீதம்தான் முந்தும் என்றால் 4 கோடியே 40 லட்சம். குடியிருக்கும் வீடு இதில் சேராது.

இதற்கு எதிரே, வீட்டை விற்றால் என்ன மிஞ்சும்? இங்கே ஒரு வரி விஷயம் இருக்கிறது. கணவர் தன் பாதியை உங்களுக்கு எழுதித் தரும்போது வரி கிடையாது. ஆனால் நீங்கள் விற்கும்போது, முழு வீட்டையும் நீங்களே 2009-இல் 85 லட்சத்துக்கு வாங்கியது போலத்தான் லாபம் கணக்காகும். அவருடைய பாதியில் இத்தனை வருடம் ஏறிய லாபத்துக்கான வரியும் உங்கள் தலையில்தான் வரும். நாலரைக் கோடி வீடும் நாலரைக் கோடி ரொக்கமும் ஒன்றல்ல என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

லாபம் 3 கோடியே 65 லட்சம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால், பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதம், சரிக்கட்டலோடு 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். விற்ற லாபத்தில் திருவான்மியூரிலோ மேடவாக்கத்திலோ 1 கோடியே 30 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் வாங்கினால் அந்த அளவுக்கு வரி விலக்கு. அப்படியும் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 25 லட்சம் வரி நிற்கும். ஃபிளாட்டின் பத்திரச் செலவு 9 சதவீதம், புரோக்கர் கமிஷன் எல்லாம் போக உங்கள் கையில் மிஞ்சுவது 2 கோடியே 78 லட்சத்தை ஒட்டி. எஃப்.டி., பி.பி.எஃப். சேர்த்தால் 2 கோடியே 99 லட்சம். (துல்லியமான எண்ணை உங்கள் ஆடிட்டரிடம் வாங்குங்கள். அவர் கணவரின் ஆடிட்டராக இருக்கக்கூடாது.)

குறைந்தபட்சக் கணக்கிலேயே 70 லட்சம் குறைகிறது. ஓ.டி.யும் உங்கள் தலையில் விழுந்தால் 1 கோடியே 60 லட்சம். பேச்சுவார்த்தையில் நீங்கள் பேச வேண்டிய எண் இதுதான். வீட்டின் மதிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் அவர் பக்கம்தான் பெரிதாகத் தெரியும்.

அந்த 70 லட்சம் எங்கிருந்து வரும்? உங்கள் 20 சதவீதப் பங்கைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அது வெறும் பேருக்குப் போட்டது என்பார். பேருக்குப் போட்டதோ இல்லையோ, பதிவேட்டில் நீங்கள் பங்குதாரர். கடந்த மூன்று வருட பேலன்ஸ் ஷீட்டை உரிமையோடு கேட்கலாம். தரத் தயங்கினால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் கட்டித் தாக்கல் செய்யப்பட்ட கணக்குகளைப் பார்க்கலாம். அவருக்கோ கம்பெனிக்கோ தொடர்பில்லாத ஒருவரை வைத்து மதிப்பிட்டு, அந்தப் பங்கை அவரே வாங்கிக்கொள்ளட்டும்.

நகை விஷயத்தில் கூச்சம் வேண்டாம். உங்கள் வீட்டில் போட்டதும் உங்களுக்கு அன்பளிப்பாக வந்ததும் சீதனம். அது முழுக்க உங்களுடையது. செட்டில்மென்ட்டில் “அவர் தருவது” என்ற பட்டியலில் அது வரவே கூடாது. அடகு போன 40 பவுனைப் பற்றி: 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கேரளத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், சீதனம் கணவன் மனைவியின் கூட்டுச் சொத்து ஆகாது, கஷ்டத்துக்கு எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை கணவருக்கு உண்டு என்று சொல்லி, 89 பவுனுக்கு ஈடாக 25 லட்சம் கொடுக்க உத்தரவிட்டது. நீங்கள் ரூபாயில் கேட்காதீர்கள், பவுனில் கேளுங்கள். 2020-இல் அவர் அடகு வைத்து வாங்கிய தொகையை இன்று திருப்பித் தந்தால் கடைக்குப் போய் எத்தனை பவுன் வாங்க முடியும் என்று ஒருமுறை கணக்குப் பாருங்கள். மிச்சம் 70 பவுனை எடை போட்டு, படம் எடுத்து, உங்கள் பேரில் மட்டும் உள்ள லாக்கருக்கு மாற்றிவிடுங்கள்.

“சட்டப்படி எல்லாவற்றிலும் பாதி கிடைக்காதா” என்று உங்கள் தோழி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கோவாவைத் தவிர நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சம்பாத்தியத்துக்குச் சமம் என்று சொல்லி ஒரு பெண்ணுக்குச் சொத்தில் பாதி கொடுத்தது உண்மை. ஆனால் அதைக் காட்டினால் எல்லோருக்கும் தானாகப் பாதி கிடைத்துவிடாது. உங்கள் நிலைமையில் பேசித் தீர்ப்பதே நல்லது, கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு. ஜீவனாம்சத்துக்காக வழக்குப் போட்டால் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பரஸ்பர சம்மதத்தில் பெரும்பாலும் அதை யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். இருவரும் எழுதி, ஒப்பந்தத்தோடு இணைக்கட்டும்.

மாதாமாதம் வாங்குவதா, மொத்தமாக வாங்குவதா? அவர் அரசு ஊழியராக இருந்தால் யோசித்துச் சொல்லியிருப்பேன். தொழில் செய்பவரிடம் மொத்தமாகவே வாங்குங்கள். மொத்தத் தொகை மூலதன வரவாகக் கருதப்படுவதால் பொதுவாக வரி இல்லை; மாதத் தொகைக்கு வரி உண்டு. மாதத் தொகை என்று போனால் ஏறுமுகமாக எழுத வேண்டியிருக்கும். 2025-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் மாதம் 50,000, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு என்று நிர்ணயித்தது. வருடத்துக்கு இரண்டரை சதவீதம் கூட வராது. பள்ளிக் கட்டணம் ஏறும் வேகம் உங்களுக்குத் தெரியும்.

பிள்ளைகள் படிப்பை “பார்த்துக்கொள்கிறேன்” என்பதை ஒரு வரியாக எழுதவே கூடாது. மகள் கல்லூரிக்கு இன்னும் இரண்டு வருடம்தான். அவளுடைய கல்லூரிச் செலவுக்கு இப்போதே தனி டெபாசிட் போடச் சொல்லுங்கள். மகனுக்குப் பள்ளி முடியும்வரை எந்தத் தேதிக்குள் எவ்வளவு என்று எழுதுங்கள். அதோடு, தீர்ப்பு வருவதற்குள் அவர் தன் பேரில் ஒரு டெர்ம் பாலிசி (ஆயுள் காப்பீடு) எடுத்து, 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்படி பிள்ளைகளைப் பயனாளிகளாகப் போடட்டும். அப்படி எடுத்த பாலிசித் தொகையைப் பொதுவாக அவருடைய கடன்காரர்கள் தொட முடியாது, அவர் மனம் மாறினாலும் பயனாளியை மாற்ற முடியாது. உங்களுக்கு உதவாத பாலிசி போலத் தெரியலாம். அவர் இல்லாமல் போனால் உங்கள் 3 கோடியே 70 லட்சத்தைப் படிப்புச் செலவு தின்னாமல் காப்பது அதுதான்.

இதெல்லாம் எப்போது நடக்க வேண்டும் என்பது எவ்வளவு என்பதற்குக் குறைந்ததல்ல. உங்கள் திருமணம் இந்து திருமணச் சட்டப்படி நடந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். பரஸ்பர சம்மத மனு கொடுத்தபின் ஆறு மாதம் காத்திருந்து இரண்டாவது முறை நீதிமன்றத்தில் உறுதி சொல்ல வேண்டும். 2017-க்குப் பிறகு தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். உங்கள் கணவரின் வக்கீல் அவசரப்படுத்துவார். நீங்கள் அவசரப்படாதீர்கள். ஓ.டி.யை மூடி, பத்திரத்தை வங்கியிலிருந்து எடுத்து, உங்கள் பேருக்கு எழுதிப் பதிவு செய்ய அந்த ஆறு மாதம் தேவைப்படும். இரண்டாவது முறை போய் நிற்பதற்கு முன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பாக்கித் தொகைக்கு டி.டி. அன்று நீதிமன்றத்திலேயே கைமாறலாம்.

தீர்ப்புக்கு முன் எழுதுவதில் இன்னொரு லாபம். கணவன் மனைவிக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. தீர்ப்பு வந்த மறுநாள் அவர் உங்கள் குடும்பத்தில் ஒருவர் இல்லை. கிரயம் என்று ஆகிவிட்டால் 7 சதவீதமும் 2 சதவீதமும் கட்ட வேண்டியிருக்கும். இரண்டேகால் கோடிக்கு அது 20 லட்சத்தைத் தாண்டும்.

ஹெல்த் இன்சூரன்ஸ் அவர் எடுத்த ஃபேமிலி ஃப்ளோட்டரில் (குடும்பத்துக்கே ஒரே பாலிசி) இருந்தால், அடுத்த புதுப்பித்தலுக்கு 45 நாள் முன்னால் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனிப் பாலிசிக்கு மாற விண்ணப்பியுங்கள். காத்திருப்புக் காலத்தில் கழிந்த வருடங்கள் வீணாகாது. நாமினி பெயர்களை மாற்றுங்கள். இந்த வாரமே ஒரு உயில் எழுதுங்கள். தீர்ப்பு வரும்வரை உங்களுக்கு ஏதாவது ஆனால், உயில் இல்லாத பட்சத்தில் பிள்ளைகளோடு கணவரும் சம வாரிசு. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சிகள் போதும்.

வீட்டை விற்கச் சொல்லிவிட்டேன் என்று வருந்தாதீர்கள். நாளைக்கே விற்கச் சொல்லவில்லை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை அங்கேயே இருங்கள். இரண்டு வருடம் மாதம் 38,000 என்றால் 9 லட்சத்துச் சொச்சம்; பிள்ளைகள் மனம் ஆறுவதற்கு அதைச் செலவழிக்கலாம், தப்பில்லை. அந்தச் செலவைக் கணவரிடம் கேட்டும் வாங்கலாம். திரும்ப வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் நல்லது, ஆனால் வராத சம்பளத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டு வாரத்தில் அடுத்த பேச்சுவார்த்தை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் மூன்று தாள்களை எடுங்கள்: வீட்டின் வில்லங்கச் சான்று, உங்கள் சிபில் அறிக்கை, வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணுக்கு வரும் வருடாந்திரத் தகவல் அறிக்கை. மூன்றும் உங்கள் போனிலேயே கிடைக்கும், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ஓ.டி. 90 லட்சம் என்பது அவர் வாயால் சொன்னதா, வங்கித் தாளில் நீங்கள் பார்த்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.